அமெரிக்க காங்கிரஸின் சுற்றுச்சூழல், எரிசக்தி விசாரணைகளால் ஏதாவது பயன் உண்டா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "அமெரிக்க காங்கிரஸில் பருவநிலை, எண்ணெய், மின்சாரம் பற்றியெல்லாம் ஹியரிங் நடக்கிறது. யூடியூபில் பார்த்தால் உறுப்பினர்கள் ஆளுக்கு ஐந்து நிமிடம் சத்தம் போடுகிறார்கள், சாட்சிகள் மழுப்புகிறார்கள், எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள். சட்டமும் வருவதில்லை. இதற்கு ஏதாவது பயன் உண்டா, வெறும் நாடகமா?"

நாடகம் நிறையவே இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் பயனும் இருக்கிறது. அதை வீடியோவில் தேடினால் கிடைக்காது. அன்று மேசையில் வைக்கப்படும் தாள்களிலும், பிறகு அச்சேறும் பதிவிலும்தான் அது இருக்கிறது. பெரும்பாலும் அந்தப் பதிவு வேலை செய்யத் தொடங்குவதற்கே பல வருடங்கள் ஆகும். சில விசாரணைகளில் முப்பது வருடம் ஆகியிருக்கிறது. அதனால்தான் அன்றைய கிளிப்பைப் பார்ப்பவர்களுக்கு ஒன்றுமே நடக்காதது போலத் தெரிகிறது.

முதலில் அந்தச் சொல்லைப் பார்த்துவிடலாம். ஹியரிங் என்பதை நாம் விசாரணை என்று எழுதுகிறோம். விசாரணை என்றதும் போலீஸ், கோர்ட், கூண்டு எல்லாம் மனதில் வந்துவிடுகிறது. குற்றவாளி யார், தீர்ப்பு என்ன என்று எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். அங்கே தீர்ப்பு எதுவும் கிடையாது. ஒரு குழு, சட்டம் எழுதுவதற்கு முன்போ, எழுதிய சட்டம் எப்படி நடக்கிறது என்று பார்ப்பதற்கோ, வெளியாட்களை வரவழைத்து அவர்கள் சொல்வதைக் கேட்கிறது, அவ்வளவுதான். ஓர் ஆலை வரும் முன் ஊர்க்காரர்களைக் கூட்டி நடத்துவார்களே, அந்தக் கருத்துக்கேட்புக் கூட்டத்தோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே ஊர்க்காரர்கள் எழுந்து பேசலாம். இங்கே யார் பேசுவது என்பதைக் குழுவே முடிவு செய்கிறது.

எந்தக் குழு என்பதும் முக்கியம். காங்கிரஸின் இரண்டு அவைகளில் ஒன்றான செனட்டில் சுற்றுச்சூழலுக்கு ஒரு குழு, எரிசக்திக்கும் இயற்கை வளங்களுக்கும் வேறொரு குழு. இன்னோர் அவையான பிரதிநிதிகள் சபையில் எரிசக்தி, வணிகக் குழு என்று ஒரே பெரிய குழு காற்று மாசையும் மின்சாரத்தையும் சேர்த்துக் கவனிக்கிறது. பொது நிலங்கள் இன்னொரு குழுவிடம். பணம் ஒதுக்கும் குழுக்கள் தனி. ஒரே நிலக்கரி மின்நிலையம், அதன் புகைக்காக ஓர் அறையிலும் அதன் மின்சாரத்துக்காக இன்னோர் அறையிலும் பேசப்படும். இரண்டு அறைகளிலும் உட்கார்ந்திருப்பவர்களின் அக்கறை வேறு வேறு.

சாட்சிக்குப் பேசக் கிடைப்பது பொதுவாக ஐந்து நிமிடம். எதிரில் ஒரு சின்ன விளக்குப் பெட்டி இருக்கும்: பச்சை, மஞ்சள், சிவப்பு. ஆனால் அவர் முன்கூட்டியே கொடுத்த எழுத்துப்பூர்வ அறிக்கை இருபது, முப்பது பக்கம்கூட இருக்கும். அது முழுவதும் பதிவில் சேரும். வாயால் சொல்வது அதன் சுருக்கம் மட்டுமே. விசாரணை முடிந்த பிறகும் பதிவை உடனே மூடிவிட மாட்டார்கள். உறுப்பினர்கள் எழுத்தில் கேள்வி அனுப்புவார்கள், சாட்சியும் எழுத்திலேயே பதில் தர வேண்டும். சட்டம் எழுதுகிற ஊழியர்கள் படிப்பது இவற்றைத்தான். காலி நாற்காலிகளைக் காட்டி 'ஒருத்தருமே வரவில்லை' என்று சொல்லும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். சாட்சியம் கேட்க இரண்டு உறுப்பினர்கள் இருந்தாலே போதும் என்று பிரதிநிதிகள் சபையின் விதியே இடம் தருகிறது. நாற்காலி காலியாக இருந்தாலும் பதிவு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

சரி, முப்பது வருடம் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன்.

1966 ஜூன் மாதம். செனட்டில் காற்று, நீர் மாசுக்கான துணைக்குழு. தலைவர் மெய்ன் மாநிலத்தின் எட்மண்ட் மஸ்கி. அப்போது பெட்ரோலில் காரீயம் கலந்து விற்பது நாற்பது வருடப் பழக்கம். 1920களிலிருந்தே எஞ்சின் தட்டாமல் ஓடுவதற்காக டெட்ராஎத்தில் லெட் என்ற சேர்மத்தைக் கலந்துவந்தார்கள். அதனால் உடம்புக்குக் கெடுதல் உண்டா என்பதில் அமெரிக்காவில் கடைசி வார்த்தை சொல்பவராக இருந்தவர் ராபர்ட் கீஹோ. மருத்துவர், சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடம் நடத்தியவர், அந்தச் சேர்மத்தைத் தயாரித்த எத்தில் நிறுவனத்தின் மருத்துவ இயக்குநரும்கூட. அவருடைய வாதம் எளிமையானது: காரீயம் மண்ணில் இருக்கிறது, உணவில் இருக்கிறது, எல்லோர் உடம்பிலும் இருக்கிறது. தொழிற்சாலையே இல்லாத மெக்சிகோ கிராமத்து மக்களிடமும் அளந்து பார்த்தேன், அவர்களிடமும் இருந்தது. எனவே இது இயற்கை. ஓர் அளவைத் தாண்டாதவரை ஆபத்தில்லை.

சில நாள் கழித்து அதே துணைக்குழு முன் வந்தவர் கிளேர் பேட்டர்சன். அவர் மருத்துவரே இல்லை, கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் புவிவேதியியலாளர். விண்கல்லில் இருந்த காரீயத்தின் ஐசோடோப்புகளை அளந்து பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டு என்று 1956-ல் கணித்துச் சொன்னவர். அந்த வேலையில் அவருக்குப் பெரிய தொல்லை என்ன தெரியுமா? ஆய்வுக்கூடத்தில் எங்கே தொட்டாலும் காரீயம். தூசியில், தண்ணீரில், கண்ணாடிப் பாத்திரத்தில், தன் உடம்பில். அதைத் துடைத்துத் துடைத்து, உலகத்திலேயே மிகச் சுத்தமான ஆய்வுக்கூடங்களில் ஒன்றை உருவாக்கினார். இவ்வளவு காரீயம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் அங்கேதான் பிறந்தது. கடல்நீரை அளந்தார். மேல்மட்டத்து நீரில் காரீயம் அதிகம், ஆழத்தில் குறைவு. காலங்காலமாக இயற்கையாகச் சேர்ந்ததாக இருந்தால் அப்படி இருக்க முடியாது. மேலே இருப்பது அண்மையில் காற்று வழியாக வந்து விழுந்தது.

துணைக்குழு முன் அவர் வைத்த வாதத்தின் மையம் ஒரே ஒரு வேறுபாடு: வழக்கமானது வேறு, இயற்கையானது வேறு. எல்லோர் ரத்தத்திலும் இருக்கிறது என்பதால் அது இயற்கையாகிவிடாது, எல்லோருமே நச்சுப்பட்டிருக்கிறார்கள் என்றும் அதற்கு அர்த்தம் இருக்கலாம். மெக்சிகோ கிராமத்தார் சாப்பிட்ட மண்பாத்திரங்களின் பளபளப்புப் பூச்சிலேயே காரீயம் இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். பேட்டர்சன் இன்னொன்றும் சொன்னார், அது அங்கே இருந்த பலருக்கும் பிடித்திருக்காது: பொதுச் சுகாதாரத் துறை, மக்களுக்கு ஆபத்து உண்டா இல்லையா என்பதைத் தொழில்துறையோடு சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்வது தவறு, அது கடமை தவறுவது.

அன்று என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. காரீயத்துக்குத் தடை வரவில்லை. பேட்டர்சனுக்குத்தான் இழப்பு. 1965-ல் அவர் தன் கருத்துகளைக் கட்டுரையாக வெளியிட்ட பிறகு எண்ணெய்த் துறையிலிருந்து வந்த ஆய்வு நிதி நின்றது. 1971-ல் காற்றில் உள்ள காரீயம் பற்றி அறிக்கை தயாரித்த தேசிய ஆய்வு மன்றக் குழுவில் அவருக்கு இடமே தரவில்லை, அந்தத் துறையில் அவரைவிடத் தெரிந்தவர் இல்லாதபோதும்.

ஆனால் இரண்டு பேரின் சாட்சியமும் ஒரே தொகுதியில் அச்சாகிவிட்டது. அதுவரை பல வருடங்களாகக் கீஹோவின் குரலை எதிர்த்து அதே மேடையில், அதே எடையோடு வேறொரு அறிவியல் குரல் பதிவானதில்லை. மஸ்கியின் துணைக்குழு தொடர்ந்து இதே வேலையில் இருந்தது. 1970-ல் வந்த தூய காற்றுச் சட்டத்தை செனட் 73-க்கு 0 என்று நிறைவேற்றியது. எரிபொருளில் கலக்கும் பொருட்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அந்தச் சட்டத்தில் இருந்தது. அதை வைத்து சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1973-ல் காரீயத்தைப் படிப்படியாகக் குறைக்க உத்தரவிட்டது. எத்தில் நிறுவனம் வழக்குப் போட்டது, 1976-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் முகமையின் பக்கம் நின்றது. 1976-க்கும் 1980-க்கும் இடையில் மட்டும் அமெரிக்கர்களின் ரத்தத்தில் சராசரி காரீய அளவு 37 சதவீதம் குறைந்தது. சாலை வாகனங்களுக்குக் காரீயப் பெட்ரோல் முழுத் தடை வந்தது 1996 ஜனவரி 1 அன்று. பேட்டர்சன் இறந்தது 1995 டிசம்பரில், சில வாரங்களுக்கு முன்னால்.

இதெல்லாம் அந்த ஒரு விசாரணையால் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. கார் புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றிகள் வந்தன, அவை காரீயத்தால் கெட்டுப்போகும் என்பதே பெரிய காரணம். குழந்தைகளைப் பற்றிய மருத்துவ ஆய்வுகள் வந்தன. ஆனால் 'இது இயற்கை' என்ற வாதத்தை, மறுப்பே இல்லாத உண்மை போலத் தூக்கிக்கொண்டு இனி யாரும் ஓர் அரசு அலுவலகத்துக்குள் நுழைய முடியாது என்ற நிலை 1966-ல்தான் உருவானது.

அடுத்து எல்லோரும் கேள்விப்பட்ட ஒன்று. 1988 ஜூன் 23. செனட் எரிசக்திக் குழு. நாடு முழுக்க வறட்சி, வாஷிங்டனில் வெயில் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். நாசாவின் கோடார்டு ஆய்வு மையத்தின் இயக்குநர் ஜேம்ஸ் ஹேன்சன் மூன்று விஷயங்களைச் சொன்னார்: கருவிகளால் அளக்கத் தொடங்கிய காலத்திலிருந்து பூமி இவ்வளவு சூடாக இருந்ததில்லை, இந்த வெப்பத்தைப் பசுமைக்குடில் விளைவோடு மிக உறுதியாகத் தொடர்புபடுத்தலாம், கடும் கோடை அலைகளுக்கான வாய்ப்பு ஏற்கெனவே மாறத் தொடங்கிவிட்டது. மறுநாள் நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் அது வந்தது.

இதே ஹேன்சன் ஏழெட்டு மாதம் முன்னால், 1987 நவம்பரில், அதே குழு முன் பேசியிருந்தார். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. விசாரணையை வெயில் காலத்தில் வைக்க வேண்டும் என்று செனட்டர் டிம் விர்த்தின் தரப்பு பாடம் கற்றுக்கொண்டது. முந்தின இரவே ஜன்னல்களைத் திறந்துவைத்து ஏசி வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டார்கள் என்றுகூட ஒரு கதை உண்டு. விர்த்தே ஒருமுறை அப்படிச் சொன்னார், பிறகு அது சரியல்ல என்று அவரே திரும்பப் பெற்றார். இன்றும் அந்தக் கதையை உண்மை போலப் பகிர்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

எனக்கு 1988-ஐவிட 1989 மே மாதத்து விசாரணைதான் பெரிதாகத் தெரிகிறது. அரசு ஊழியர் காங்கிரஸில் சாட்சி சொல்வதென்றால், அவருடைய எழுத்துப்பூர்வ அறிக்கை முதலில் வெள்ளை மாளிகையின் நிர்வாக, பட்ஜெட் அலுவலகத்துக்குப் போய் ஒப்புதல் பெற வேண்டும். அந்த முறை ஹேன்சனின் அறிக்கை திரும்பி வந்தபோது அதில் அவர் எழுதாத வரிகள் இருந்தன. கணினி மாதிரிகளின் முடிவுகளை நம்பத்தகுந்த கணிப்புகளாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற பொருளில் அவை இருந்தன. தன் பெயரில், தன் வாயால், தான் நம்பாத ஒன்றைச் சொல்ல வேண்டிய நிலை. அவர் என்ன செய்தார்? அறிக்கையை அப்படியே கொடுத்தார். கூடவே, துணைக்குழுத் தலைவராக இருந்த செனட்டர் அல் கோருக்குத் தகவல் அனுப்பினார்: அந்தப் பகுதியைப் பற்றி என்னிடம் கேளுங்கள். கோர் கேட்டார். அது தன்னுடைய கருத்தல்ல என்று ஹேன்சன் துணைக்குழு முன் சொன்னார். எழுத்தில் ஒன்று, வாய்மொழியில் அதற்கு மறுப்பு, இரண்டும் பக்கத்துப் பக்கமாகப் பதிவில் ஏறின. ஐந்து நிமிடக் கேள்வி நேரத்தால் என்ன பயன் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். எழுதிக் கொடுத்ததை அதிகாரம் திருத்தலாம், கேள்விக்கு வரும் பதிலை முன்கூட்டியே திருத்த முடியாது.

ஹேன்சனின் 1988 பதிவுக்கு இன்னொரு பின்கதையும் உண்டு. பூமி இனி எப்படிச் சூடாகும் என்பதற்கு அவர் ஏ, பி, சி என்று மூன்று எதிர்காலப் பாதைகளைக் காட்டி, நடுவில் இருக்கும் பி தான் நடக்க வாய்ப்புள்ளது என்று சொல்லியிருந்தார். பத்து வருடம் கழித்து, 1998-ல், பாட்ரிக் மைக்கேல்ஸ் என்ற பருவநிலை ஆய்வாளர் பிரதிநிதிகள் சபைக் குழு ஒன்றில் சாட்சி சொன்னபோது அதே வரைபடத்தைக் காட்டினார், பி, சி இரண்டையும் நீக்கிவிட்டு. மிகக் கடுமையான ஏ பாதையை மட்டும் வைத்துக்கொண்டு, ஹேன்சன் தவறிவிட்டார் என்றார். அது பொய்த்தோற்றம் என்று எப்படித் தெரிந்தது? 1988 பதிவு அப்படியே இருந்தது, எடுத்துப் பார்த்தார்கள், மூன்று கோடுகளும் இருந்தன. ஆகவே சாட்சி சொன்னது எல்லாமே உண்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பதிவில் பொய்யும் ஏறும். ஏறின பொய் அழியாமல் அங்கேயே இருக்கும் என்பதுதான் வித்தியாசம்.

இங்கே சத்தியப்பிரமாணம் பற்றிச் சொல்லியாக வேண்டும், பலருக்கும் இதில் குழப்பம். 2005 நவம்பர் 9-ல் எக்ஸான்மொபில், செவ்ரான், கோனோகோஃபிலிப்ஸ், ஷெல், பிபி அமெரிக்கா ஆகிய ஐந்து நிறுவனங்களின் தலைவர்கள் செனட்டின் இரண்டு குழுக்களின் கூட்டு விசாரணைக்கு வந்தார்கள். கத்ரீனா புயலுக்குப் பிறகு பெட்ரோல் விலை எகிறியிருந்த நேரம். அவர்களைச் சத்தியம் செய்ய வைக்க வேண்டும் என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள், தலைமை வகித்த டெட் ஸ்டீவன்ஸ் மறுத்துவிட்டார். துணை அதிபர் டிக் செனி 2001-ல் நடத்திய எரிசக்திப் பணிக்குழுவில் உங்கள் நிறுவனம் கலந்துகொண்டதா என்று செனட்டர் ஃபிராங்க் லாட்டன்பெர்க் கேட்டார். இல்லை என்றும், எனக்குத் தெரிந்தவரை இல்லை என்றும் பதில்கள் வந்தன. ஒரே வாரத்தில் வாஷிங்டன் போஸ்ட் ஒரு வெள்ளை மாளிகை ஆவணத்தை வெளியிட்டது. அந்த நிறுவனங்களில் பலவற்றின் அதிகாரிகள் பணிக்குழுவினரைச் சந்தித்ததாக அதில் இருந்தது.

சத்தியம் செய்யாவிட்டாலும் காங்கிரஸிடம் தெரிந்தே பொய் சொல்வது குற்றம்தான், ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. ஆனால் 'தெரிந்தே' என்பதை நிரூபிக்க வேண்டும். அதனால்தான் 'எனக்குத் தெரிந்தவரை', 'நினைவில்லை' என்ற சொற்கள் அந்த அறையில் அவ்வளவு அதிகம் ஒலிக்கின்றன. வக்கீல்கள் பல நாள் பயிற்சி கொடுத்து அனுப்பும் சொற்கள் அவை. மழுப்பலைக் கேட்டு எரிச்சல் வருவது நியாயம். ஆனால் யார் எந்தக் கேள்விக்கு மட்டும் மழுப்புகிறார் என்று கவனித்தால் பயம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

என்னைக் கேட்டால், நிறுவனத் தலைவர்களை வரவழைப்பதைவிட அவர்களுடைய தாள்களை வரவழைப்பதுதான் உருப்படியான வேலை. 2010 ஏப்ரல் 20-ல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் துளையிடும் மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். கிணறு 87 நாள் எண்ணெயைக் கக்கியது. ஜூன் 17-ல், அந்தக் கிணற்றுக்குப் பொறுப்பான பிபி நிறுவனத்தின் தலைவர் டோனி ஹேவர்டை உட்காரவைத்து மணிக்கணக்கில் கேட்டார்கள். கிணறு பற்றி எடுத்த முடிவுகளில் எனக்குப் பங்கில்லை என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஊடகம் அதைத்தான் காட்டியது. அதற்கு இரண்டு நாள் முன்னால், ஜூன் 15-ல், எட்வர்டு மார்க்கியின் துணைக்குழு கசிவு ஏற்பட்டால் என்ன செய்வது என்று ஐந்து எண்ணெய் நிறுவனங்கள் எழுதிவைத்திருந்த திட்டங்களை வாங்கி வரிக்கு வரி படித்து வைத்திருந்தது. அட்டை நிறம் தவிர ஏறத்தாழ எல்லாம் ஒன்றே. வளைகுடாவில் கசிவு ஏற்பட்டால் வால்ரஸ்களை எப்படிக் காப்பது என்று பல திட்டங்களில் இருந்தது. வால்ரஸ் வடதுருவப் பனிக்கடலில் வாழும் விலங்கு, மெக்சிகோ வளைகுடாவில் கிடையாது. அவசரத்தில் அழைக்க வேண்டிய நிபுணர் என்று ஓர் ஆமை ஆய்வாளரின் தொலைபேசி எண் இருந்தது. அவர் 2005-லேயே இறந்துவிட்டார். எக்ஸான் தலைவர் ரெக்ஸ் டில்லர்சன் இது சங்கடமான விஷயம் என்று ஒத்துக்கொள்ள வேண்டிவந்தது. அந்தத் திட்டங்களுக்கு அரசு ஒப்புதல் கொடுத்திருந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். யாரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். துளையிடும் அனுமதியையும் வருவாயையும் ஒரே கையில் வைத்திருந்த அந்தக் கனிம மேலாண்மை அலுவலகம் பிறகு கலைக்கப்பட்டு, 2011-ல் அனுமதிக்கும் பாதுகாப்புக்கும் தனித்தனி அமைப்புகள் வந்தன. அதையும் செய்தது காங்கிரஸின் சட்டம் அல்ல, பொது நிலங்களையும் கடல் துளையிடலையும் கவனிக்கும் உள்துறையின் அமைச்சர் (அங்கே செயலர் என்பார்கள்) போட்ட உத்தரவு. கடல் துளையிடலைக் கடுமையாக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டில் நின்றுபோனது.

ஆக, சட்டம் வருவதில்லை என்ற உங்கள் குறை பெரும்பாலும் சரி. 2009-ல் வாக்ஸ்மன், மார்க்கி இருவரும் கொண்டுவந்த பருவநிலை மசோதாவுக்கு எத்தனையோ சாட்சிகள், எத்தனையோ நாள் விசாரணை. ஜூன் 26-ல் 219-க்கு 212 என்று பிரதிநிதிகள் சபையில் நூலிழையில் நிறைவேறியது. செனட்டில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. 2022-ல் வந்த பெரிய பருவநிலை முதலீட்டுச் சட்டம் வேறு வழியில் வந்தது: செனட்டில் சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்கிற பட்ஜெட் சமரச நடைமுறை, மூடிய கதவுக்குள் பேரம். விசாரணை அறை அதன் பிறப்பிடம் இல்லை.

அப்புறம், நடக்காத விசாரணைக்கும் சக்தி உண்டு. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குழுத் தலைவர் தேதி கொடுத்தால்தான் விசாரணை. 2022 பிப்ரவரியில் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம், புதிய எரிவாயுக் குழாய்களுக்கு அனுமதி தரும்போது பருவநிலைத் தாக்கத்தையும் கணக்கில் எடுப்போம் என்று கொள்கை வெளியிட்டது. செனட் எரிசக்திக் குழுத் தலைவர் ஜோ மன்சின், மேற்கு வர்ஜீனியாக்காரர், மார்ச் 3-ல் ஆணையர்களை அழைத்துக் கடுமையாகக் கேட்டார். மார்ச் 24-ல் ஆணையம் அந்தக் கொள்கைகளை வெறும் வரைவு என்று மாற்றிக்கொண்டது. ஒரே விசாரணை, மூன்று வாரம். அந்த ஆணையத்தின் தலைவர் ரிச்சர்டு கிளிக்கை அதிபர் பைடன் மீண்டும் அதே பதவிக்கு முன்மொழிந்திருந்தார், செனட்டின் ஒப்புதல் தேவை. அதற்கான விசாரணையை மன்சின் நடத்தவே இல்லை. வாக்கெடுப்பு இல்லை, விவாதம் இல்லை, எதிர்த்து ஒரு பேச்சுகூட இல்லை. தேதி கிடைக்கவில்லை, கிளிக் பதவியை விட்டுப் போனார். இங்கே எழுத்துப் பதிவு எதுவும் மிஞ்சவில்லை, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

சாட்சிகளைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே அதிகாரம். பெரும்பான்மைக் கட்சி மூன்று நான்கு பேரை அழைக்கும், சிறுபான்மைக்கு வழக்கமாக ஒருவர் கிடைப்பார். எனவே மேசையில் நான்கு பேர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம் என்று தெரிந்தால், நிபுணர்கள் நாலுக்கு ஒன்று என்று பிரிந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2005 செப்டம்பரில் செனட் சுற்றுச்சூழல் குழுத் தலைவர் ஜேம்ஸ் இன்ஹோஃப், பருவநிலை அறிவியல் பற்றிச் சாட்சி சொல்ல நாவலாசிரியர் மைக்கேல் கிரைட்டனை அழைத்தார். சட்டப்படி அதில் தவறில்லை. ஆனால் மேசையின் அமைப்பைக் குழுத் தலைவர்தான் வரைகிறார் என்பதை மறக்கக் கூடாது.

பழைய பதிவுகள் எங்கே உயிர்பெறும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. 2007-ல் உச்ச நீதிமன்றம் மசாசூசெட்ஸ் வழக்கில், பசுமைக்குடில் வாயுக்கள் தூய காற்றுச் சட்டத்தின் கீழ் வரும் மாசுகளே என்று 5-க்கு 4 எனத் தீர்ப்பளித்தது. 2022-ல் மேற்கு வர்ஜீனியா வழக்கில் அதே நீதிமன்றம் மின்நிலையங்கள் மீதான சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அதிகாரத்தைச் சுருக்கியது. 1970-ல் காங்கிரஸ் என்ன நினைத்துச் சட்டம் எழுதியது, கரியமில வாயுவைப் பற்றி அப்போது அவர்களுக்குத் தெரியுமா என்ற கேள்வி அதோடு சூடுபிடித்தது. வரலாற்றாய்வாளர் நவோமி ஒரெஸ்கெஸும் அவருடைய குழுவும் மஸ்கி காலத்து விசாரணைப் பதிவுகளையும் காகிதங்களையும் தோண்டி, தெரிந்துதான் எழுதினார்கள் என்று 2024-ல் வெளியிட்டார்கள். அரை நூற்றாண்டு முன்னால் யாரோ ஒரு சாட்சி சொல்லிவிட்டுப் போனது, இன்று ஒரு வாதத்துக்குச் சான்றாகிறது. ரோஜர் ரெவெல் என்ற கடலியலாளர் 1950களிலேயே கரியமில வாயுவைப் பற்றி காங்கிரஸிடம் சொன்னார். எங்கே தெரியுமா? பருவநிலை விசாரணையில் இல்லை, அப்படி ஒன்று அன்று கிடையாது. சர்வதேச புவி இயற்பியல் ஆண்டு என்ற உலகளாவிய ஆய்வுத் திட்டத்துக்குப் பணம் கேட்டுப்போன பட்ஜெட் விசாரணையில். பணம் ஒதுக்கும் விசாரணைகளை யாரும் பார்ப்பதில்லை. அவற்றில்தான் அதிகாரிகள் அதிகம் உண்மை பேசுகிறார்கள் என்பது என் அனுபவம், ஏனென்றால் அங்கே கேள்வி 'எவ்வளவு, எதற்கு' என்று வரும்.

இனி நீங்கள் ஒரு விசாரணையைத் தொடர விரும்பினால், வீடியோவுக்கு முன் குழுவின் தளத்துக்குப் போய்ச் சாட்சிகளின் எழுத்து அறிக்கைகளைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். பிரதிநிதிகள் சபையில் அரசு சாராத சாட்சிகள் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும்: அரசிடமிருந்து மானியமோ ஒப்பந்தமோ பெற்றிருக்கிறார்களா, வெளிநாட்டு அரசிடமிருந்து பணம் வந்திருக்கிறதா என்று. இரண்டு மூன்று பக்கம்தான். அறிக்கையைப் படிக்கும் முன் அதைப் படியுங்கள். தனியார் நிறுவனத்தின் பணம் முழுவதும் அதில் தெரியாது, அது பெரிய ஓட்டை. ஆனாலும் யாருக்காகப் பேச வந்திருக்கிறார் என்ற வரி இருக்கும். அறிக்கையில் அடிக்குறிப்புகளைப் பாருங்கள், ஹேன்சன் வரைபடத்தில் நடந்தது போல எதையாவது விட்டுவிட்டுக் காட்டியிருக்கிறார்களா என்பது அங்கேதான் பிடிபடும். பிறகு வீடியோ.

அச்சுப் பதிவு வெளிவர மாதங்கள் ஆகும், சிலவற்றுக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். வந்ததும் முன்பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். கடைசியில், எல்லா உரைகளும் முடிந்த பிறகு, எழுத்துக் கேள்விகளும் பதில்களும் இருக்கும். கேமரா இல்லாத இடம். அந்தப் பக்கங்களில் ஒரு கேள்விக்கு எண் கேட்டிருந்தால் எண் வந்திருக்கிறதா, 'பின்னர் தருகிறோம்' என்று வந்திருக்கிறதா என்று பார்த்துக் குறித்துவையுங்கள். அடுத்த வருடம் அதே அதிகாரி அதே குழு முன் பட்ஜெட்டுக்காக வந்து உட்காருவார். போன வருடம் தருகிறேன் என்ற அந்த எண் எங்கே என்று கேட்க, குறித்துவைத்த ஒருவர் வேண்டும்.